கண்டால் அறியலாம்

ராகேலின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவன் பைக்கில் வந்தான். வழி கேட்பதுபோல நிறுத்தினான். அறுத்ததோடு விடாமல் ஒரு தள்ளும் தள்ளிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணி. அக்காளும் தங்கையுமாக முதல் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராகேல் ஓடையின் சிமெண்ட் விளிம்பில் பின்னந்தலை பட விழுந்தாள். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. இடையில் ஒருமுறைகூட அவள் கண் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் அக்காள் சுசீலாபாய் ஒருத்திதான்.

சுசீலாபாய்க்கு அறுபத்திரண்டு வயது. மலையாள எல்லையோரப் பாறசாலைக்காரி, வீட்டில் பேசுவது தமிழ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராகேலின் புருஷன் இளவயதில் இறந்த நாளிலிருந்து தங்கையோடும் தங்கை மகன் பிரவின்ராஜோடும் நேமத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம் ஒரு லேபில் வேலை. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்துவரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயின் அறிகுறி உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். அந்த வேலை அவளுடைய சுபாவத்துக்குள்ளும் புகுந்திருந்தது. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பாள். சபை மூப்பரிடமே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவர் அதன்பிறகு அவளைக் கண்டால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்.

அப்படிப்பட்டவள் ஒருவனைக் கை காட்டி இவன்தான் என்று சொன்னபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

பிடிபட்டவன் பெயர் வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், இருபத்தெட்டு வயது, தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு கறுப்பு பைக் இருந்தது. பழைய அடிதடி வழக்கு ஒன்றும் இருந்தது. சங்கிலி கிடைக்கவில்லை, உருக்கி விற்றிருப்பான் என்றார்கள். சிறைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடந்தது. பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். ஏழாவதாக நின்றவனைப் பார்த்ததும் சுசீலாபாயின் உடம்பு முழுக்க, இவன்தான் என்றது. மோவாயில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அதை அவள் மறப்பாளா? நேரே போய் அவன் முன்னால் நின்று விரலை நீட்டினாள்.

"ஒறப்பாணோ?" என்று மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்டார், நிச்சயம்தானா என்று.

"ஒறப்பு" என்றாள்.

அன்று மத்தியானம் வெளியே காத்திருந்த பிரவின்ராஜின் தோளில் சாய்ந்து, நூறு வருஷம் ஆனாலும் அந்த மூஞ்சி எனக்கு மறக்காது மக்களே என்று அழுதாள். வன்னியராஜுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கவில்லை. அவன் உள்ளேயே இருந்தான்.

பதின்மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சாலைக் கம்போளத்தில் ஜன்னல் திரைக்குத் துணி வாங்கிக்கொண்டு சுசீலாபாய் பழவங்காடி வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தாள். விசாரணை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. கணபதி கோவில் முன்னால் எப்போதும்போல விடலையாக உடைக்கும் தேங்காய் விற்பவர்களும் கூட்டமும். ஒருவன் கையில் இரண்டு தேங்காயோடு கடையிலிருந்து திரும்பினான். அவள் கால் அப்படியே நின்றது. அதே கண். நெற்றி சுருங்கும் அதே விதம். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ பிடித்து உலுக்கினதுபோல இருந்தது.

"பிடியுங்கோ! எனக்க தங்கச்சியக் கொன்னவன்! விடாதீங்கோ!"

அந்தக் குரல் தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. நாலைந்து பேர் பாய்ந்தார்கள். தேங்காய் தரையில் உருண்டது. யாரோ ஒருவன் காரணம் கேட்பதற்கு முன்பே முகத்தில் ஒரு அறை விட்டான். பிடிபட்டவனின் மனைவி, இருபத்தைந்து வயதிருக்கும், கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் "ஜெயேட்டா, ஜெயேட்டா" என்று கத்தினாள். கடைக்காரர்தான் வெளியே ஓடி வந்து கூட்டத்தை விலக்கினார். இது எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டு ஜெயன், மஸ்கட்டிலிருந்து போன வாரம்தான் வந்திருக்கிறான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்து நேர்ச்சைத் தேங்காய் உடைக்க வந்தவன் என்று மலையாளத்தில் உரக்கச் சொன்னார். ஜெயன் உதட்டில் ரத்தத்தோடு பர்சைத் திறந்து, மஸ்கட்டில் தந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

சுசீலாபாய் அந்த அட்டையைப் பார்க்கவில்லை. அவள் வேறொன்றை நினைத்துத் திகைத்து நின்றாள். வன்னியராஜ் சிறையில் இருக்கிறான். தானே கை காட்டி உள்ளே வைத்த ஆள். இந்த ஜெயனைக் கண்ட நொடியில் அந்த வன்னியராஜ் என்ற ஒருவன் உலகத்தில் இருப்பதே நினைவில் வரவில்லை. இவன் மோவாயில் தழும்புகூட இல்லை.

"தப்பாப் போச்சு மோனே. என்ன மன்னிச்சிரு" என்று கை கூப்பினாள்.

"ஆளு மாறிப்போயி, அல்லே அம்மச்சி?" என்றான் ஜெயன். கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. கர்ச்சீப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தேங்காயை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரவின்ராஜின் அலமாரியிலிருந்து வழக்குக் கோப்பை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். அதில் முதல் தாளே, சம்பவம் நடந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கொடுத்த வாக்குமூலம்தான். போலீஸ்காரர் மலையாளத்தில் எழுதி வாங்கி, அவள் கையெழுத்துப் போட்டது. அதற்குப் பிறகு அதை அவள் படித்ததே இல்லை.

முகம் முழுக்க மூடும் கறுப்பு ஹெல்மெட் வைத்திருந்தான். கண்ணாடி மட்டும் மேலே தூக்கியிருந்தது. கண்ணும் மூக்கும் பார்த்தேன். இனிமேல் கண்டால் அறியலாம்.

இரண்டாம் தடவை படித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையை வரவழைத்துப் பார்த்தாள். வெயில், பைக், அவன் குனிவது, மோவாயில் வெள்ளையாகக் குறுக்கே ஓடும் தழும்பு. எல்லாம் துல்லியமாக வந்தது. இப்போது ஹெல்மெட்டையும் வைத்துப் பார்த்தாள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் என்றால் மோவாய்க்கு முன்னால் அந்தத் தடித்த பட்டை இருக்கும். பட்டையை நினைத்தால் தழும்பு மறைந்தது. தழும்பை நினைத்தால் ஹெல்மெட் காணாமல் போனது. இரண்டையும் ஒரே தலையில் வைக்க அவளால் முடியவில்லை.

அப்படியானால் தழும்பு எங்கிருந்து வந்தது?

அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ராகேல் ஐ.சி.யு.வில் கிடந்த நாலாம் நாள், விசாரணை அதிகாரி வந்து செல்போனை நீட்டினார். திரையில் ஒரு போட்டோ. "இவனாணோ சேச்சி?" என்றார். அவள் மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை. "அவனைப் போலே இருக்கு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் போட்டோவில் தழும்பு இருந்தது. போலே இருக்கு என்று அன்று சொன்னது, அணிவகுப்பில் ஒறப்பு என்று ஆனது. பிறகு வேறொரு மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தில், தழும்பை நேரில் கண்டதாகவே ஆகிவிட்டது. ஒரு முறையும் அவள் பொய் சொல்லவில்லை. கண்டதாகத்தான் நினைத்தாள்.

லேபில் ஒரு ஸ்லைடை இரண்டு பேர் பார்ப்பது வழக்கம். முதல் ஆள் எழுதின ரிப்போர்ட்டை இரண்டாம் ஆளுக்குக் காட்டக் கூடாது என்பதில் சுசீலாபாய் பிடிவாதமாக இருப்பாள். புதிதாக வந்த மூன்று பெண்கள் அதைப் பெரிதாக எடுக்காதபோது, எந்தக் கோளாறும் இல்லாத ஒரு ஸ்லைடில் 'சந்தேகத்துக்குரியது' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தாள். மூன்று பேரில் இரண்டு பேர் கெட்ட செல்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் ஊசியால் தொட்டுக்கூடக் காட்டினார்கள். அன்றைக்கு அவர்களைப் பார்த்துச் சிரித்தது இப்போது ஞாபகம் வந்து, அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் பிரவின்ராஜ் வந்தான். முப்பத்திரண்டு வயது, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேஜையில் கோப்பு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"மக்களே, நான் சொன்னது தப்பா இருக்கலாம்."

"எது?"

"அந்தப் பையன். அவனுக்க முகம்."

நடந்ததை எல்லாம் சொன்னாள். பழவங்காடியை, ஹெல்மெட்டை, போட்டோவை. அவன் நின்றபடியே கேட்டான்.

"ஒரு ஆளு மாறிப்போச்சு, அவ்வளவுதானே பெரியம்மை. மனுசருக்கு வராதா?"

"அதத்தான் மக்களே நானும் சொல்லுதேன். மனுசருக்கு வரும். ஜெயிலுக்குள்ள அவனக் காணும்போ எனக்கு எப்பிடி இருந்ததோ, அப்பிடியேதான் இன்னைக்கும் இருந்தது. ரெண்டும் ஒண்ணுபோலே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப அவன் இல்லன்னு சொல்லுதீங்களா?"

"இல்லன்னு சொல்லல்ல. அவனா இல்லியான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதேன்."

"தெரியாதுன்னு நீங்க கோர்ட்ல சொன்னா அவன் வெளிய வந்திருவான். வேற சாட்சியே கிடையாது."

"தெரியும்."

"அவன்தான் செஞ்சிருந்தா?"

சுசீலாபாய் கோப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "செஞ்சிருந்தா, நான் அவன விட்டதுபோலே ஆவும்" என்றாள்.

"நீங்க ஒரு தப்பும் செய்யாம இருக்கணும். அதுதானே ஒங்களுக்கு முக்கியம்? லேப்ல இருந்ததுபோலே. எனக்க அம்மை ஸ்லைடு இல்ல பெரியம்மை."

அவன் சாப்பிடாமல் அறைக்குள் போனான். அந்தச் சொல் அவளைக் குத்திக் கிழித்தது. அதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்பதுதான் அதைவிட வேதனையாக இருந்தது.

அடுத்த நாட்களில் அவள் தன் சந்தேகத்தையும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். தெருவில் பட்ட அவமானத்தால் பயந்துபோய் இப்படி நினைக்கிறேனா? வயதாகி மூளை குழம்புகிறதா? அவன்தான் என்று எடுத்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினாள். கறுப்பு பைக். ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. பழைய அடிதடி. அது திருட்டு இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹோட்டலில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன் என்று அவன் சொல்கிறான், ஹோட்டல்காரர் வழக்குக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். அதனால் அவன் சொல்வது பொய் என்றும் ஆகாது, மெய் என்றும் ஆகாது. தாளில் கடைசியாக மிஞ்சியது அவளுடைய கண் மட்டும்தான். அதில் கண்ணும் மூக்கும் போக மற்றதெல்லாம் ஒரு செல்போன் திரையிலிருந்து வந்தது.

வஞ்சியூரில் அரசு வக்கீலின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். நடுவயதுப் பெண்மணி, கெட்டிக்காரி. முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். மலையாளத்தில்தான் பேசினார். வழக்கு மொத்தமும் சேச்சியின் கண்மேல்தான் நிற்கிறது என்றார். ஹெல்மெட்டைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, எதிர்ப்பக்கத்து வக்கீல் புதிய பையன், அவன் அந்த வரியைக் கவனித்ததாகத் தெரியவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, சத்தியம் செய்து ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் உங்கள்மேலேயே நடவடிக்கை வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"நான் பொய் சொல்லச் சொல்லவில்லை சேச்சி" என்றும் சொன்னார்.

அது சரிதான். யாரும் அவளைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா இருக்கத்தான் சொன்னார்கள். ஒரு வாரம் அந்தச் சும்மா இருப்பதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தாள். ஜெபிக்க உட்கார்ந்தால் ராகேலின் முகம் வராமல் தழும்பு வந்தது. ஒரு நாள், கேட்கவில்லை என்றால் சொல்வதில்லை என்று முடிவே செய்துவிட்டாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த மூன்று பெண்களில் ஒருத்தி ஊசியால் தொட்டுக் காட்டிய இடம் நினைவு வந்தது. அங்கே எதுவும் இருந்ததில்லை.

விசாரணை நாளன்று கோர்ட் முழுக்க வேறு வேறு வழக்கின் ஆட்கள். கூண்டில் வன்னியராஜ் நின்றான். இளைத்திருந்தான். கடைசிப் பெஞ்சில் அவனுடைய அம்மா மாடம்மாள் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கச் சுவரோரம் பிரவின்ராஜ்.

அரசு வக்கீல் நடந்ததைக் கேட்டார். சொன்னாள். அன்று கண்ட ஆள் இந்தக் கோர்ட்டில் இருக்கிறானா என்று கேட்டார். சுசீலாபாய் கூண்டைப் பார்த்தாள். அப்போதும் உடம்பு முழுக்க, இவன்தான், இவன்தான் என்றது.

"இவரப் பாத்தா அந்த ஆளுன்னுதான் எனக்குத் தோணுது" என்றாள். நீதிபதிக்குப் புரிய மலையாளத்துக்கு மாறினாள். "ஆனால் அந்தத் தோன்றல் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சம்பவம் நடந்த அன்று அவனுடைய மோவாயை நான் பார்க்கவில்லை. பார்க்க வழி இல்லை. பிறகு எனக்கு ஒரு போட்டோ காட்டினார்கள். நான் அடையாளம் சொன்னது அந்தப் போட்டோவைத்தான்."

அரசு வக்கீல் அவளைத் தம் பக்கத்துக்கு எதிராகத் திரும்பிய பிறழ்சாட்சி என்று அறிவிக்க அனுமதி கேட்டார். அதன்பிறகு நாற்பது நிமிஷம் அவளைக் குறுக்குக் கேள்வி கேட்டார். யாராவது மிரட்டினார்களா? எதிரியின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களா? மறதிக்கு மருந்து சாப்பிடுவதுண்டா? கடைசியில் நீதிபதியே கேட்டார்: "முன்பு சத்தியம் செய்து சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை சார். தப்பு. அப்போது எனக்கு அது தெரியாது."

சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினாள். சுவரோரம் பார்த்தாள். பிரவின்ராஜ் நின்ற இடம் காலியாக இருந்தது.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. போட்டோ காட்டிய விதத்தைப் பற்றி நீதிபதி இரண்டு வரி கடுமையாக எழுதியிருந்தார். சுசீலாபாயின்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் மாடம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுசீலாபாய் கையை இழுத்துக்கொண்டாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வன்னியராஜ் கொஞ்சம் தள்ளி நின்றான். அவள்தான் அவனிடம் போனாள்.

"மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் இல்ல தம்பி."

"பதினஞ்சு மாசம்மா" என்றான். "எங்கப்பாவ அடக்கம் பண்ணும்போது நான் உள்ள இருந்தேன். அன்னைக்கு வரிசையில என் மூஞ்சிக்கு நேர நின்னு கையக் காட்டுனீகளே, உங்க கண்ணுல ஒரு துளி சந்தேகம் இல்ல. நானே ஒரு நிமிசம், நாமதான் செஞ்சுட்டமோன்னு நெனச்சேன்."

அவள் கேட்கக் கூடாது என்றுதான் வந்தாள். கேட்டுவிட்டாள். "நீ இல்லியே?"

அவன் அவளையே பார்த்தான்.

"இல்லன்னு சொன்னா நம்புவீகளா?"

சுசீலாபாய் வாயைத் திறந்தாள். "தெரியல" என்றாள்.

"அப்ப எதுக்குக் கேக்கீக?" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

பிரவின்ராஜ் கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராகேலின் போட்டோவையும் எடுத்துக்கொண்டான். சபையில் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். வேறு சிலர் நல்ல காரியம் செய்தாய் என்றார்கள், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழக்கை மறுபடி விசாரிக்க மனு எழுதிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். யார்மேலும் இல்லை என்றாள். வாங்கி ஒரு கட்டின் அடியில் வைத்தார்கள். மாதம் ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வருவாள். ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ராகேலின் இரண்டாம் வருஷ நினைவு நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, பிரவின்ராஜ் அங்கே முன்னாலேயே வந்து நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தனித்தனியே ஜெபித்தார்கள். திரும்பும்போது அவன் கார் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள். கார் கரமனைப் பாலம் தாண்டியது.

"எனக்கு இப்பவும் அவன்தான்னு தோணுது பெரியம்மை."

"தோணும் மக்களே."

"ஒங்களுக்கு?"

சுசீலாபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரெயின்கோட் போட்ட ஒருவன் பைக்கில் அவர்களைக் கடந்து போனான். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"சில நாளு தோணும்" என்றாள். "ரொம்பத் தெளிவாவே தோணும்."

அவன் வைப்பரைப் போட்டான். நேமம் வளைவில் திரும்பும்போது, வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, மீன் வாங்கவில்லை என்றாள். பரவாயில்லை என்றான்.